விட மறுத்த சிடி

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்:

"மக கல்யாணத்த இன்னைக்குக் கம்ப்யூட்டர் முழுங்கப் பாத்துச்சுடி."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"கொழும்புலருந்து போட்டோ சிடி அனுப்பியிருந்தா. டவுன் கம்ப்யூட்டர் கிளாஸ்ல போட்டா ஒண்ணும் வரல. டீச்சர் சின்னதா ஒரு புரோகிராம் ஏத்துனாங்க. சிடி பேரும் ரெண்டு பட்டனும் வந்துச்சு. ஒண்ண அமுக்குனா சிடிய கம்ப்யூட்டரோட சேத்துக்கும், இன்னொண்ண அமுக்குனா வெளிய எடுக்க விடும். எல்லாப் படமும் பாத்து மூடிட்டேன்."

"அண்ணன் பாத்தாரா?"

"பெத்த அப்பனாச்சே, கூட வந்தாரு. ஆனா சொல்லாம கட்டிக்கிட்டவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு திரும்பி உக்காந்துக்கிட்டாரு. அவர அங்கயே தனியா விட்டுட்டு டீச்சரும் நானும் டீ குடிச்சிட்டு வந்து, விடுற பட்டன அமுக்குனா விட மாட்டேங்குது. ஏதோ படம் இன்னும் தொறந்திருக்காம். தேடிப் பாத்தா, மக மூஞ்சி மட்டும் பெருசா."

"அண்ணன் வேலையா?"

"தோட்டத்து ஆபிஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவரு. படத்தச் சுருக்கி ஒளிக்கத் தெரிஞ்சிருக்கு. மூடத்தான் மனசு வரல."

"சிடி இப்ப எங்கக்கா?"

அவள் கண்ணால் முன்னே காட்டினாள். இரண்டு சீட் தள்ளி ஒருவர், ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயச் சாய, மடியில் இருந்த உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.