கோடு போட்ட பக்கங்கள்

எனக்குப் புதுப் புத்தகம் பிடிக்காது. நாலு பேர் படித்து, முனை மடங்கி, டீ சிந்தி, கைமாறி வந்தால்தான் எனக்கு அது புத்தகம். முகம் தெரியாத ஒருவர் எனக்கு முன்னால் அந்த வரிகளில் நடந்து போயிருக்கிறார் என்பது ஒரு துணை. தனிக்கட்டைக்கு அது சின்ன விஷயம் இல்லை சார்.

கம்பத்தில் என் கடையை உங்களுக்குத் தெரியும். மோட்டார் காயில் கட்டுகிறேன். தோட்டத்துக்காரர்கள் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் வாசலில் அந்த இரும்பு அலமாரியை வைத்தேன். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. முதலில் யாரும் சீண்டவில்லை. பிறகு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வந்தார்கள், உத்தமபாளையத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்து டீக்கடை சேக் பரீத்கூட தன் வீட்டுப் பரணைக் காலி செய்து ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். திரும்பி வரும் புத்தகத்தில் பென்சில் கோடு இருந்தால் ரப்பர் வைத்து அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். அடுத்தவருக்குச் சுத்தமாகப் போக வேண்டும். அதனால் என் அலமாரியிலிருந்து போன புத்தகம் கோட்டோடு திரும்பினால், அந்தக் கோடு கொண்டுபோனவருடையது. இதில் தப்பு நடக்க வழியே இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேவயானி சுருளிப்பட்டியிலிருந்து வருகிற பெண். வாரச் சந்தைக்கு வரும்போது மஞ்சள் பையில் புத்தகங்களைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போவாள். அதிகம் பேசமாட்டாள். "வச்சிட்டேண்ணே" என்பாள், "எடுத்துக்கிட்டேண்ணே" என்பாள். நாலு பேர் நடமாடும் இடத்தில் ஒரு பெண் அண்ணே என்றுதானே கூப்பிட முடியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் திருப்பித் தந்த ஒரு நாவலில்தான் முதல் கோட்டைப் பார்த்தேன். 'பேச வராதவர்களுக்கு எல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது' என்ற வரிக்குக் கீழே. அளவுகோல் வைக்காமல், கை நடுங்காமல் போட்ட கோடு. ஓரத்தில் நீலமாக ஒரு கறை. திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மயில்துத்தம். தோட்டத்து வேலைக்கு நடுவில் உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதன்முறையாக நான் ரப்பரை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் எடுக்கட்டும் என்று ஒரு புத்தகத்தைக் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். உள்ளே ஒரு வரிக்கு என் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். 'சொல்லுங்கள், கேட்க ஒருவர் இருக்கிறார்.' புத்தகம் திரும்பி வந்தது. இன்னொரு பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே கறுப்புப் பென்சில் கோடு, அதுதான் பதில். 'உங்களைப் போல் ஒருவர் இருக்கிறார் என்பதே போதும்.'

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். மழைக்காலம் முழுக்கப் பேசினோம். அவள் கடை வாசலில் நிற்கும்போது முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளமாட்டாள். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கும். சேக் பரீத் மட்டும் ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, அந்தப் பிள்ள பைய மாத்திட்டுப் போகுதே ஒழிய, இங்கன நின்னு ஒரு பக்கம் பிரிச்சுப் பாத்து நான் கண்டதில்ல."

சேக் பரீத் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு டீயைத் தவிர வேறு எதிலும் நுட்பம் போதாது.

கோடுகள் வரவர இறுகின. 'இந்த வீட்டில் என் குரல் எனக்கே கேட்பதில்லை.' 'ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் போய்விட வேண்டும்.' நான் கேட்டேன், சிவப்பில்: 'உனக்கு என்னதான் வேண்டும்?' வந்த பதிலை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். 'விடுதலை ஒன்றுதான்.' அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருந்தது.

அவள் புருஷன் ஈஸ்வரபாண்டியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். கறுத்து, வளர்ந்து, கதவை அடைக்கிற ஆள். மோட்டாரை இறக்கி வைத்தவன் போகவில்லை. அலமாரி முன்னால் போய் நின்றான். ஒரு புத்தகத்தை உருவினான், தடவினான், திரும்ப வைத்தான். அவன் விரல் இடுக்கெல்லாம் நீலம். அவள் ஒளித்துப் படிக்கும் புத்தகங்களைப் பிடுங்கிப் பார்த்து வேவு பார்க்கிறான் என்று அப்போதே புரிந்தது. என்னிடம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்ப வந்து எடுத்துக்கிறட்டும்?" என்று மட்டும் கேட்டான். அந்தக் குரலின் வறட்சி போதும் சார், ஒரு பெண் அந்த வீட்டில் என்ன பாடுபட்டிருப்பாள் என்று தெரிந்துகொள்ள.

இனி உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியதற்கு வருகிறேன். 'பழுது பார்த்தவரின் அஜாக்கிரதை' என்று இருக்கிறது. அதைப் படித்துத்தான் நானாகக் கிளம்பி வந்தேன். என் கடையிலிருந்து அஜாக்கிரதையாக ஒரு மோட்டாரும் போனதில்லை. அந்த மோட்டாருக்கு மற்றதைவிட அதிகம் மெனக்கெட்டேன். கரண்ட் கசியாமல் இருக்க எங்கே தாள் வைத்து மூட வேண்டுமோ அங்கே வைக்காமல் விட்டேன். எர்த் கம்பி பார்வைக்கு இருக்கும், வேலைக்கு இருக்காது. மேலே பெயின்ட் அடித்தேன். தொட்டால் அவன்தான் தொடுவான் என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொண்டேன். சந்தை நாளில் பேச்சுவாக்கில் கேட்டபோது தேவயானி சொன்னாள்:

"மோட்டார் போடுறதெல்லாம் அவுகதாண்ணே. என்னைய அந்தப் பக்கமே விடமாட்டாக. ஈரத்துல நிக்காத, கரண்ட வெளையாட்டா எடுக்காதன்னு சத்தம் போடுவாக."

தான் தள்ளி நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தெளிவாக ஒரு பெண் வேறெப்படிச் சொல்வாள்?

மோட்டார் அவன் தோட்டத்துக்குப் போனது. கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்துத் தண்ணீர் பாய்ச்சும் சமயம். விடிந்ததும் அவன் வெறுங்காலோடு போயிருக்கிறான். சீக்கிரம் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். துக்கத்துக்கு நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். தேவயானி தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அழத்தான் வேண்டும். ஊர் பார்க்கிறது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். அதே மஞ்சள் பை. கடைசியாக எடுத்துப்போன புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். சேக் பரீத் டீ கொண்டுவந்து நின்றார்.

"வேற எடுத்துக்கிறலையாத்தா?" என்று அவர்தான் கேட்டார்.

"எனக்கு எதுக்குண்ணே? படிச்சதெல்லாம் அவுகதான். சந்தைக்குப் போறவ மாத்திட்டு வான்னு குடுத்துவிடுவாக. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே சடவா இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தக் கடைக்காரர் மாதிரி ஒரு மனுசன் கெடைக்கமாட்டாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. மோட்டார் குடுக்க வந்தன்னைக்கு உங்ககிட்ட எப்படியும் பேசிறணும்னுதான் வந்தாக. கூச்சப்பட்டுத் திரும்பிட்டாக. கடன்லயும் கொடி பட்டுப்போன கவலையிலயும் ஆளே ஒடுங்கிக் கெடந்தவுக, உங்க புத்தகம் வந்தா மட்டும் மொகம் தெளிவாக."

சேக் பரீத் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் புத்தகத்தை மேசை இழுப்பறைக்குள் எடுத்து வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? மூன்றாவது ஆள் பக்கத்தில் நிற்கும்போது அவள் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வாயால் காப்பாற்றிவிட்டாள். உங்களிடமும் அவள் இதையேதான் சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கெட்டிக்காரி. என்னால் அவளுக்கு ஒரு கெட்ட பேரும் வரக்கூடாது. எல்லாம் நான் ஒருவன் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று அவள் போன பிறகு அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். முன்பாதி நெடுக, பக்கத்துக்குப் பக்கம் கறுப்புப் பென்சில் கோடு. நடுவில் ஒரு பக்கத்தில் முனை மடித்திருந்தது, அந்த நீலக் கறையோடு. அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு கோடுகூட இல்லை. அவன் போன நாளிலிருந்து அவளுக்குக் குறை என்று ஒன்றும் இல்லை என்பதற்கு, இதைவிட என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?