பயப்படாதே என்று சொல்லாத அருள்மொழி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாழவந்தி நாட்டுப் பெரியவர் செங்கோடன் அவர்களே, எங்கள் மருத்துவ அலுவலர் மணிவண்ணன் அவர்களே, செருப்புக் கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு அடிவாரத்திலிருந்து ஏறி வந்திருக்கும் ஜெய்லானி பாய் அவர்களே, ஆலத்தூர் நாட்டிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் மிளகு பறிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் வணங்கி, மாலைக்குள்ளே படமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் அருள்மொழி அம்மாவையும் வணங்கிப் பேசுகிறேன்.

நான் செவிலியர் பெருமாயி. இந்த மலையில் பாதிப் பேர் பிறந்ததும் முதலில் கேட்டது என் அதட்டலைத்தான். நான் ஒரு சத்தம் போட்டால் பிள்ளை தானாக இறங்கிவிடும் என்று நீங்கள் கேலி பேசுவதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு இன்று பயமாக இருக்கிறது. அழுதுவிட்டுப் போக நான் வரவில்லை. என்ன பயம் என்று சொல்லிவிட்டுப் போக வந்தேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அருள்மொழி அம்மாவைத் துணிச்சல்காரர் என்றார்கள். அஞ்சாநெஞ்சம் கொண்டவர் என்றார்கள். இறந்தவரைப் புகழ்வது நல்ல பண்புதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டாமா? அருள்மொழி அம்மா சரியான பயந்தாங்கொள்ளி.

பஸ் மலையேறத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு சாமியைக் கூப்பிடுவார். கண்டக்டர் தோளைத் தொட்டு, "டாக்டரம்மா, கண்ணத் தொறங்க, சோளக்காடு வந்துருச்சுங்க" என்று சொன்ன பிறகுதான் விழிப்பார். அட்டை என்றால் பயம், கரடி என்றால் பயம், எங்கள் ஊர்ச் சேவல் இறக்கையை விரித்தால் என் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். இவ்வளவு பயத்தையும் மடியில் கட்டிக்கொண்டு செவ்வாய்தோறும் மேலே வந்தாரே, யாருக்காக வந்தார்? பயமில்லாத ஆள் வந்துபோனால் அதில் என்ன பெரிய சங்கதி இருக்கிறது?

தாய்மார்களே, பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்கிறோம். பிறந்த பிள்ளையைப் பார்க்க ஊரே திரண்டு வருகிறது. பெற்றவளின் கால் தரையில் ஊன்றுகிறதா என்று யார் பார்த்தோம்? பிள்ளையின் தலை இறங்க நேரமானால் இடுப்புக்குள் நரம்பு நசுங்கும். காலை நெடுநேரம் மடக்கிப் பிடித்திருந்தாலும் நசுங்கும். பிள்ளை நன்றாக இருக்கும், தையல் ஆறிவிடும், கால் மட்டும் அவள் சொன்னபடி கேட்காது. பாதம் தொங்கி, நடக்கும்போதே செருப்பு கழன்று விழுந்தவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்க முடியாமல், கோயில் திருவிழாவுக்கே வராமல், காரணத்தைக் கட்டியவனிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்களும் உண்டு. நான் பெயர் சொல்ல மாட்டேன். இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து நடமாடுகிறார்கள், அதற்கு யார் காரணம் என்று அவர்களுக்குத் தெரியும். மருந்தும் ஊசியும் இல்லாமல் பயிற்சியாலேயே உடம்பை மீட்டெடுக்கும் பிசியோதெரபி படிப்பு அருள்மொழி அம்மா படித்தது. கீழே கிளினிக் வைத்து உட்கார்ந்திருந்தால் வசதியாக இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு பெண்ணின் கதையை மட்டும் பெயரோடு சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுங்க சிஸ்டர், நாலு பேருக்குத் தெரியட்டும். ஆனா என்னைய மட்டும் மேடைக்குக் கூப்பிடாதீங்க" என்றாள். நம் ராதிகாதான். சின்னராசுவின் மனைவி.

ராதிகாவுக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். ஒரு பகல் முழுக்கப் போராடி ஆண்பிள்ளை பெற்றாள். வலது தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை மரத்திருந்தது. மயக்க ஊசியின் மிச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். வந்த மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினாள். வலது முழங்கால் மடிந்தது. அவள் சரிந்து உட்கார்ந்தாள், பிள்ளை கையிலிருந்து நழுவி, உலர்த்தியிருந்த சாமை மேல் விழுந்தது. தெய்வம் காப்பாற்றியது, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு ராதிகா பிள்ளையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். படுத்துக்கொண்டு பால் கொடுப்பாள், குடித்து முடித்ததும், "எடுத்துக்குங்க அத்தை, சீக்கிரம் எடுத்துக்குங்க" என்பாள்.

அந்த அத்தை, அதாவது அவளுடைய மாமியார், மருமகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவர். கால் மரத்துப்போனதற்கு என்ன காரணம் என்று அவர் நினைத்தார்? நீங்களும் நானும் நினைப்பதைத்தான் நினைத்தார். பச்சை உடம்பு, மலைக் குளிர், காலில் குளிர் ஏறிவிட்டது, சூடு காட்டினால் இறங்கிவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் நெருப்புக் கங்கு போட்ட கணப்புச் சட்டியை வைத்தார். உணர்ச்சி வரவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார்.

ஒரு காலையில் சின்னராசு என்னைக் கூப்பிட வண்டியில் வந்தார். போனேன். வீட்டுக்குள் நுழையும்போதே தோல் கருகிய வாடை. வலது கெண்டைக்காலின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு வெந்து கிடக்கிறது. ராதிகா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். "ஏங்கண்ணு, எரியலையா?" என்று கேட்டேன். "எதுங்க சிஸ்டர்?" என்று கேட்டாள்.

எத்தனையோ பிரசவத்தில் எத்தனையோ இரத்தத்தைப் பார்த்தவள் நான். அந்தக் கேள்வி என்னை உலுக்கியதுபோல் எதுவும் உலுக்கியதில்லை. சட்டி துணியில் பட்டுத் தீப்பிடித்திருந்தால்? பக்கத்தில் பிள்ளை படுத்திருந்தால்? அந்த மாமியார் சுவரோடு ஒண்டி நின்று, "நல்லதுன்னுதானுங்க வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை நான் எப்படித் திட்டுவது?

அடுத்த செவ்வாய் அருள்மொழி அம்மாவை அழைத்துப் போனேன். ராதிகாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் காலில் தொட்டுத் தொட்டு, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டார். முழங்காலை நீட்டச் சொல்லித் தன் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார், "நரம்பு நசுங்கியிருக்கு, அறுந்து போகல. நசுங்கினது பெரும்பாலும் மெல்லத் திரும்பி வரும்." ராதிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையை மறுபடியும் கீழ போட்ருவேனுங்களா? எனக்குப் பயமா இருக்குங்க."

நான் அங்கேதான் நிற்கிறேன். பயப்படாதே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அருள்மொழி அம்மா முந்திக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு சாமி. கால் இப்படி இருக்கும்போது பயப்படாம இருந்தாத்தான் தப்பு. பயந்துக்கிட்டே நில்லு. நான் பக்கத்துல பயந்துக்கிட்டே நிக்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நோயாளியிடம் இப்படியா பேசுவது? வெளியே வந்து கேட்டும்விட்டேன். "இல்லாத தைரியத்தை நான் எங்கங்க சிஸ்டர் போய் வாங்கிட்டு வாரது?" என்றார்.

கணப்புச் சட்டியை வெளியே எடுக்கச் சொன்னார், காலில் கம்பளி சுற்றச் சொன்னார். புண் ஆறட்டும் என்று காத்திருந்தார். முழங்கால் மடியாமல் இருக்க ஒரு பெல்ட் வேண்டும் என்று கேட்டதும் ஜெய்லானி பாய், அளவு சரியில்லை, சரியில்லை என்று மூன்று முறை பிரித்துத் தைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்து நிற்பது, படி ஏறுவது என்று மாதக்கணக்கில் நடந்தது. அப்புறம்தான் அருள்மொழி அம்மா ஒரு வேலை செய்தார். பிள்ளையைத் தராசில் போட்டு எடை பார்த்து, அதே எடைக்கு ஒரு பையில் ராகியை நிரப்பி, பழைய சேலையில் சுற்றி ராதிகாவிடம் கொடுத்தார். "இதைத் தூக்கிட்டு நட. விழுந்தா ராகிதானே, பொறுக்கிக்கலாம்" என்றார்.

ராதிகா ராகியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். "ராகி தூங்கிடுச்சா ராதிகா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சீண்டினார்கள். அவளும் சிரித்தாள், பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பிள்ளை எடை கூடக் கூடப் பையிலும் ராகி கூடியது. வாசல்படி, பிறகு முற்றம், பிறகு வீட்டுக்குக் கீழே இறங்குகிற சரிவு. சரிவில் அவள் இறங்கும்போது அருள்மொழி அம்மா எப்போதும் பள்ளத்துப் பக்கம், ஒரு படி கீழே நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்துப் பின்னோக்கியே நடப்பார். தனக்குப் பின்னால் பள்ளம் என்று தெரியும். அவர் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரியும்.

ஒரு செவ்வாய், முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "பலம் வந்திருச்சு கண்ணு. அடுத்த வாரம் நெசப் பிள்ளையத் தூக்கிடலாம்" என்றார். ராதிகா தலையாட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தன் வீட்டில், காபி போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அருள்மொழி அம்மா சாய்ந்துவிட்டார். எந்த மலைப் பாதையைப் பார்த்துக் கண்ணை மூடினாரோ, அது அவரை ஒன்றும் செய்யவில்லை. பாதுகாப்பு என்று நம்பிய இடத்தில் போனார். நாற்பத்து மூன்று வயது போகிற வயதா?

இப்போது என் பயத்துக்கு வருகிறேன்.

காரியம் முடிந்ததும் நான் ராதிகா வீட்டுக்குப் போனேன். பிள்ளை இப்போது குப்புற விழுந்து நகர்கிறான். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுகிறான். அவள் தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். நானே முழங்காலைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. நரம்பு திரும்பி வந்துவிட்டது, அவள்தான் வரவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். "என்ன பயம் உனக்கு? நான் இருக்கேன், தூக்கு. பயப்படாத" என்று அதட்டினேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்களுக்குத்தான் பயமே கெடையாதுங்களே சிஸ்டர். அவிங்க இருந்தா என்னையவிட அதிகமாப் பயப்படுவாங்க. கண்ணு என் முட்டிய விட்டு நகராது. நான் சாயறதுக்கு முன்னாடியே புடிச்சிருவாங்க. நீங்க எங்கியோ பாத்துட்டு நின்னா என் புள்ளைக்கு யாருங்க?" என்றாள்.

எழுந்து வந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அன்றிலிருந்து எனக்கும் பயம் வந்திருக்கிறது. பிள்ளை இன்னும் எத்தனை நாள் கையை நீட்டிக்கொண்டிருப்பான்? நீட்டி நீட்டிப் பார்த்து, ஒருநாள் நீட்டுவதை விட்டுவிட்டால்? அவளை நான் தூக்க வைத்து, நான் நிற்கும்போதே அந்த முழங்கால் மடிந்தால்? இன்னொன்றும் இருக்கிறது. இந்த நேரத்தில், ஏதோ ஒரு வீட்டில், மரத்துப்போன ஒரு காலுக்குப் பக்கத்தில் யாரோ அன்போடு நெருப்பை நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பார்கள். எந்த வீடென்று எனக்குத் தெரியவில்லை.

பெரியோர்களே, கூட்டத்தின் முடிவில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை பெற்றவள் கால் மரத்திருக்கிறது, மடிகிறது, தொங்குகிறது என்றால் குளிர் என்றும் காற்று என்றும் முடிவு கட்டாதீர்கள். நெருப்பும் வெந்நீரும் அந்தக் காலின் கிட்டே போக வேண்டாம். வெட்கப்படாமல் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். புதிதாக ஒரு டாக்டரம்மாவை நியமிக்கும்வரை கேட்டு ஓய மாட்டோம் என்று மணிவண்ணன் சாரும் நானும் சொல்லியிருக்கிறோம். அதுவரை செவ்வாய்க்கிழமைகளில் அருள்மொழி அம்மா போன வீடுகளுக்கெல்லாம் நான் போவேன். அவருடைய படிப்பு எனக்கு இல்லை, அவர் காட்டித் தந்த பயிற்சிகளை மட்டும் விடாமல் செய்ய வைப்பேன்.

ராதிகா, கதவோரத்தில் உட்கார்ந்திருக்கிறாய், பிள்ளை சின்னராசுவின் மடியில் இருக்கிறான், எல்லாம் எனக்குத் தெரிகிறது. சொன்ன சொல்லை மீற மாட்டேன், உன்னை மேடைக்குக் கூப்பிட மாட்டேன். வருகிற செவ்வாய் உன் ஊட்டுக்கு நான் வாரேன், கண்ணு. பள்ளத்துப் பக்கம் ஒரு படி கீழே நின்னுக்குவேன். உன் முட்டியத் தவிர வேற எதையும் பாக்க மாட்டேன். என் கை நடுங்கும், அதை நீயே பாக்கலாம். பாத்துட்டு, அப்புறமாப் பிள்ளையத் தூக்கு.