டேரியனின் ஜூலை மதிப்பெண்

இந்த அறையில் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும். என் வயதில் மூட்டுக்குச் சூடு நல்லது என்பார்கள், எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. பரவாயில்லை, தொடங்கலாம் வக்கீலம்மா. காப்பி நன்றாகவே இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் நான் ஒரு தொழில்முறை அணிக்காக, பந்தைக் கையால் எறிந்து ஆடும் நம் அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர்களை எடைபோட்டு வந்தேன். ஒஹையோவில் நான் மழையில் நனையாத கல்லூரி மைதானம் கிடையாது. ஒருவன் பந்தை வாங்கி நாலு அடி வைப்பதற்குள், இவன் காலால் பிழைப்பவனா தலையால் பிழைப்பவனா என்று சொல்லிவிடுவேன். வெள்ளைக்காரப் பையன்களைப் பற்றி ‘ஆட்டத்தைப் படிக்கிறான்’ என்றும், கருப்பினப் பையன்களைப் பற்றி ‘பிறவி வேகம்’ என்றும் நான் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதாகப் போன வாரம் சொன்னீர்கள். இருக்கலாம். நான் நிறம் பார்ப்பவன் அல்ல, கண்ணில் பட்டதை எழுதினேன். நன்றியறிதல் நாளில் என் வீட்டு மேசையில் எல்லா நிறத்தவரும் உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

ஜூலை சோதனைக்கு வருகிறேன். பயிற்சி முகாம் தொடங்கும்போது எல்லோரையும் கணினி முன்னால் உட்கார வைப்போம். இருபது நிமிடம் வடிவங்களும் சொற்களும் வந்து போகும், பையன்கள் பொத்தானை அமுக்க வேண்டும். மூளை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஓர் எண் கிடைக்கும். பிறகு ஆட்டத்தில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைப்பார்கள். ஜூலை எண்ணை ஒட்டி வந்தால் ஆடலாம், குறைந்தால் ஓய்வு. எண்களைக் கோப்பில் ஏற்றுவது டாக்டரின் வேலை. எங்கள் அணியில் அதை நான் செய்தேன், யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வருடம் குவார்ட்டர்பேக் இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. பந்தை வாங்கியதும் யாருக்கு எறிவது என்று கண் சிமிட்டும் நேரத்தில் முடிவெடுப்பவன்தான் குவார்ட்டர்பேக், அணியின் மூளை. ஒருவன் கோல் வாண்டர்மீர், மின்னசோட்டாப் பண்ணைக்காரரின் மகன், அமைதியானவன். இன்னொருவன் டேரியன் மேபெரி, அலபாமாவிலிருந்து வந்த கருப்பினப் பையன், அவனைப் போல ஓடுகிறவனை நான் பார்த்ததில்லை. சோதனையில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தார்கள். முடிவில் டேரியனின் எண், நான் அதுவரை பார்த்த எதையும்விட உயரத்தில் இருந்தது. கோலின் எண் சுமார்.

இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிழையைப் பிழை என்று தெரிந்தும் விட்டுவைப்பது என் வழக்கம் இல்லை. இருவரின் எண்களையும் மாற்றி ஏற்றினேன். நான் பொய் எழுதவில்லை, திருத்தினேன்.

கோல் குவார்ட்டர்பேக் ஆனான். டேரியனை ஓரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கும் வேலைக்கு மாற்றினோம். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு என்னிடம் வந்தான்.

“சார், என் மார்க்கை ஒருதரம் கண்ணுல காட்டுங்க. நான் அதுல பின்னிட்டேன், எனக்கே தெரியும்.”

“உன் சொத்து காலு தம்பி. யோசிக்கிறத அவன்கிட்ட விடு.”

“காலு எங்க போகணும்னு யாரு சார் சொல்றது? முழங்காலா?”

மேசையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவன் மட்டும் சாப்பிடாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பரில் கோலுக்குத் தலையில் லேசாக ஒரு இடி. மறுசோதனையில் கோப்பில் இருந்த எண்ணின் கிட்டே வரவே அவனால் முடியவில்லை, மூன்று வாரம் ஓய்வெடுத்தான். அப்போதே எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் என்கிறீர்கள். அடி பலமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபரில் டேரியனுக்கு அடிபட்டது. தலைக்கவசத்தோடு தலைக்கவசம் மோதிய சத்தம் மேல்தளத்தில் இருந்த எனக்கே கேட்டது. புதன்கிழமை காலை மறுசோதனை. டாக்டர் ஹேலி சுவென்சன் புதிதாக வந்தவர். வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ஆளு ஒரு மாதிரி மந்தமா இருக்காரே சார். கேட்டதையே மூணு தரம் கேக்கறாரு.”

“ஃபைலப் பாருங்க டாக்டர். அவன் எப்பவும் அப்படித்தான்.”

பார்த்தார். எண் அச்சாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

டேரியன் வெளியே வந்து, “சார், இன்னிக்கு என்ன கிழமை?” என்றான். கேலி செய்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தேன். புதன் என்று சொன்னேன். நான் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். ஆனால் அந்த வாக்கியத்தோடு என் முப்பத்தொரு வருடமும் போயிருக்கும். அதை யார் திருப்பித் தருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் சாதாரணமாக ஒரு தள்ளு. எழுந்தான், எதிரணிப் பக்கமாக நடந்தான், உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான். செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவமனையில் மூச்சுக் கருவிகளைக் கழற்றினார்கள். அவனுக்கு இருபத்து நாலு வயது.

அடக்கத்தில் அவன் அம்மா ஒடெஸா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “உங்க பேரைத்தான் எப்பவும் சொல்லுவான் சார், அவனை மொதல்ல கண்டெடுத்ததே நீங்கதானாமே” என்றார். ஆமாம் அம்மா என்றேன். எனக்கு அழுகை வந்தது, நான் கல் இல்லை.

சோதனை அறையின் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டப் போகிறீர்கள், திரையை இறக்குகிறீர்கள். வேண்டாம். இருவரும் அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் மாறவில்லை. அந்தப் பதிவை ஜூலையில், அன்று மதியமே வரவழைத்து இரண்டு தடவை பார்த்தேன். பார்த்த பிறகுதான் எண்களை மாற்றினேன். கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். யாராவது அதைச் சரியாகச் சோதித்தால் தெரியும்.