பின்னாடி வர்றவங்களுக்கு

— பதிவு பண்ணிக்கோங்க அண்ணி. மனுஷகுலம் சக்கரத்தைக் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் பண்ணின மிகப் பெரிய முட்டாள்தனம் எது தெரியுமா? சைக்கிள்ல பின்னாடி வர்றவனுக்குக் குழி காட்டுறது.

— காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? கொஞ்சம் நகரு. உங்க அண்ணன் வண்டியைக் கார் மேலேர்ந்து இறக்கணும். ஆடாம பிடி.

— பிடிச்சுக்கிட்டேதான் பேசுறேன். விஞ்ஞானபூர்வமா யோசிச்சுப் பாருங்க. முன்னாடி ஒருத்தன் போறான். எதிர்க்காத்து மொத்தத்தையும் நெஞ்சுல வாங்குறான். பின்னாடி வர்றவன் அவன் முதுகுல ஒளிஞ்சுக்கிட்டு நோகாம வர்றான். அதுக்கு வாடகை கேக்கணுமா இல்லையா? கேக்கறதில்ல. முன்னாடி போறவனே ஒரு கையை ஹேண்டில்பார்லேர்ந்து எடுத்து, 'ஐயா, இங்க குழி இருக்கு, பாத்து வாங்க'ன்னு மரியாதை வேற பண்ணணுமாம். ஹோட்டல் வாசல்ல சலாம் போடுற ஆள் மாதிரி.

— கிளப் விதி அது. முதல் ஆள் காட்டணும், அடுத்தவர் அதைப் பாத்துத் தனக்குப் பின்னாடி இருக்கிறவருக்குக் காட்டணும். அப்படியே கடைசி வரைக்கும்.

— சரி, கடைசி ஆள் யாருக்குக் காட்டுவான்?

— அவர் காட்ட வேண்டியதில்ல.

— உங்க வீட்டுக்காரர் காட்டுவாரே! ரேஸ்ல கடைசியா வந்துக்கிட்டிருப்பார். பின்னாடி ஈ காக்கா கிடையாது. கையை இடுப்புக்குக் கீழ இறக்கி, விரலை நீட்டி, 'குழி. இடது பக்கம். பெருசு.' என்ன, எங்க, எவ்வளவு. முழு அறிக்கை. பேய்க்கு டிராஃபிக் போலீஸ் வேலை பாத்த ஒரே மனுஷன் எங்க அண்ணன்தான். ஒரு தடவை நேராவே கேட்டேன், 'அண்ணே, பின்னாடிதான் யாருமே இல்லையே'ன்னு. என்ன சொன்னார் தெரியுமா?

— 'யாருமில்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் திரும்பிப் பாக்கலையே.'

— அதேதான். உங்ககிட்டயும் சொல்லியிருக்காரா?

— வீட்டுலயும் அப்படித்தானே. குளியலறையிலேர்ந்து வெளியே வரும்போது, 'ஈரம், வலது பக்கம்'னு சொல்லிக்கிட்டே வருவார். வீட்டுல நாங்க ரெண்டே பேர். நான் சமையலறையில இருப்பேன்.

— யாரது, நம்ம சாம்பியனா? வேன் வரைக்கும் குரல் கேக்குது. வா தங்கச்சி. வண்டியைக் கொண்டாந்துட்டியா?

— கொண்டாந்துட்டேன் டாக்டர்.

— பாத்தீங்களா அண்ணி, நீங்களும் டாக்டர்ங்கறீங்க. ஸ்பேனர் பிடிக்கிறவரை ஊரே டாக்டர்னு கூப்பிட்டு, இப்போ மனுஷன் பஞ்சர் ஒட்டுறதுக்கு முன்னாடி கை கழுவ ஆரம்பிச்சுட்டார்.

— என் நோயாளிங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல, சாம்பியன். தங்கச்சி, முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கு, சுத்திப் பாக்கறேன். ம்... இருக்கு. போன வருஷத்து நெளிவு கொஞ்சம் மிச்சம் இருக்கு. கம்பியெல்லாம் இழுத்துக் கட்டிட்டேன், இதுக்கு மேல இழுத்தா உடைஞ்சுடும். பிரேக்ல லேசா உரசும். ஓடும். ஜெயிக்காது.

— எதுக்கு ஓடணும்? யார் ஓட்டப் போறா?

— நீ.

— நானா?

— இன்னிக்கு ரேஸ்ல நீ இதை ஓட்டணும் தம்பி. சீட் உயரம் மாத்த வேண்டாம், ரெண்டு பேருக்கும் ஒரே காலு. ஜெயிக்க வேண்டாம். கோட்டைத் தாண்டினா போதும்.

— அண்ணி, நீங்க எக்ஸ்ரே எடுக்கிறவங்க. உங்களுக்குப் புரியும்படி சொல்றேன். நாளைக்கு உங்களைக் கூப்பிட்டு, 'மெஷின் வேண்டாம்மா, இந்த டார்ச் லைட்டை அடிச்சு எலும்பு பாத்துச் சொல்லு'ன்னா என்ன பண்ணுவீங்க? அங்க பாருங்க, சுவத்தோரமா என் வண்டி. ஒரே விரல்ல தூக்கலாம். அதை விட்டுட்டு இதை ஓட்டுறதும், ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தள்ளிக்கிட்டு ரேஸுக்குப் போறதும் ஒண்ணுதான். ஐயோ, அண்ணி. வாய் முந்திக்கிச்சு. நான் அதை நினைச்சுச் சொல்லல.

— பரவாயில்ல. உனக்குத்தான் தள்ளத் தெரியுமே. அன்னிக்கு நீயும் ஒரு பக்கம் பிடிச்சியே.

— பிடிச்சேன்.

— லிஃப்ட் வாசல்ல தரையில இரும்புப் பட்டை ஒண்ணு மேடா இருக்கும், ஞாபகம் இருக்கா? அவரால கண்ணைத் திறக்க முடியல. போர்வைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினார்.

— 'மேடு. குறுக்கே. சின்னது.'

— கேட்டுதா உனக்கு?

— பின்னாடி தள்ளிட்டு வந்த வார்டு ஆளுக்கு ஒண்ணும் புரியல. 'என்ன சார் வேணும்'னு குனிஞ்சு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

— அவருக்கும்தான்.

— ஆமா. அவரும் சிரிச்சார்.

— அதுக்கப்புறம் எங்கயும் தள்ளிட்டுப் போகல.

— தங்கச்சி, வெயில்ல நிக்காத. இப்படி வேன் நிழலுக்கு வா.

— இருக்கட்டும் டாக்டர். தம்பி, உங்க அண்ணன் ஆரம்பிச்ச ரேஸை விட்டதே இல்ல. கடைசியா வருவார், ஆனா வந்துடுவார். கோடு போட்டவங்க மேஜை நாற்காலியெல்லாம் மடக்கின பிறகு வந்து, 'முடிஞ்சுடுச்சா, நல்லது'ன்னு சொல்லிட்டுத் தாண்டுவார். ஒரு ரேஸ்தான் பாக்கி. போன வருஷத்து ரேஸ்.

— அன்னிக்கு அவருக்குக் களைப்பு. அவரே சொன்னாரே, 'முடியலடா, வேன்ல ஏறிட்டேன்'னு.

— உன்கிட்ட அப்படிச் சொன்னார்.

— உங்ககிட்ட என்ன சொன்னார்?

— வேண்டாம் விடு.

— இல்ல, சொல்லுங்க. என்ன சொன்னார்?

— பாலம் தாண்டி இறக்கத்துல வர்றீங்க. நீ முன்னாடி, அவர் உன் சக்கரத்தை ஒட்டி. வாழ்க்கையிலேயே முதல் தடவையா முன்கூட்டத்தோட வந்திருந்தார். நீ விலகிப் போயிட்டே. அவருக்கு வழி இல்ல.

— குழி.

— 'இடது பக்கம், பெருசு'ன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார். 'தம்பி ரெண்டு கையையும் எடுக்கவே இல்ல, அதான் ஜெயிச்சான். கெட்டிக்காரன்'னார். இது அவனுக்குத் தெரிய வேண்டாம், கோப்பை கசந்துடும்னார்.

— நான் சத்தம் கேட்டேன் அண்ணி. டயர் வெடிச்ச மாதிரி. யாரோன்னு நினைச்சேன்.

— யாரோன்னுதான் நினைச்சிருப்பே. எனக்குத் தெரியும்.

— திரும்பிப் பாத்திருக்கலாம்.

— விலா வலிக்குதுன்னார். எலும்பு விரிசல் விட்டிருக்குமோன்னு எங்க லேபுக்கே கூட்டிட்டுப் போய் நான்தான் படம் எடுத்தேன். 'மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க.' ஊருக்கெல்லாம் சொல்ற வார்த்தை. எல்லாரும் கேப்பாங்க. இவர் மட்டும் என் முகத்தைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு ஆடினார். படம் கலங்கிடுச்சு. திட்டிட்டு மறுபடியும் எடுத்தேன். எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு.

— அப்புறம்?

— நிழல் வேற இடத்துல இருந்துச்சு. நுரையீரல்ல. அவர் வெளியே உக்காந்து, படம் எப்படி வந்திருக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தார். நான் அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் நின்னேன்.

— அப்போ அந்தக் குழியில விழலேன்னா...

— தெரிஞ்சிருக்காது. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுத் தெரிஞ்சிருக்கும். குழி குடுத்த வியாதி இல்ல அது. நான் உன்னைக் குத்தம் சொல்ல வரல. குத்தம் சொல்றதா இருந்தா அவர் போன அன்னிக்கே சொல்லியிருப்பேன், அன்னிக்குத்தான் எல்லாரும் கேக்கற மாதிரி இருந்தாங்க.

— பின்ன எதுக்கு வந்தீங்க?

— வீட்டைக் காலி பண்றேன். புது இடம் மாடியில ஒரே அறை. நான் நிக்கவே இடம் கேட்டு வாங்கணும், வண்டிக்கு எங்க போறது? கிளப்புக்குக் குடுத்துடலாம், புதுசாக் கத்துக்க வர்றவங்க ஓட்டட்டும்னு டாக்டர் சொன்னார். சரின்னுட்டேன். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டிடணும். எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி. தெரிஞ்சா உன்கிட்ட வந்து நிப்பேனா?

— அண்ணி, இது எனக்கு மூணாவது வருஷம். தொடர்ந்து மூணு தடவை ஜெயிச்சா கோப்பையைத் திருப்பிக் குடுக்க வேண்டாம், வீட்டுலயே வெச்சுக்கலாம். அதுக்குன்னு கண்ணாடி அலமாரி வாங்கிச் சுவத்துல மாட்டியாச்சு. உள்ளே வைக்க வேற ஒரு சாமானும் என்கிட்ட கிடையாது.

— பாத்திருக்கேன். எப்போ மாட்டினது?

— போன வருஷம் ஜெயிச்ச மறுநாள்.

— நீயா மாட்டினே? உனக்கு ஆணியைக் கண்டா ஆகாதே.

— அண்ணன்தான் வந்தார். மட்டம் பாத்து, ஸ்டூல் மேல ஏறி... கையை மேல தூக்கி, அத்தனை ஆணியும் அவர்தான் அடிச்சார். விலா வலிக்குதுன்னு சொல்லவே இல்லையே அண்ணி. கீழே நின்னு நான் அவரை அதட்டிக்கிட்டிருந்தேன். கோணலா இருக்குன்னு.

— கோணலா இருந்துதா?

— இல்ல.

— தம்பி...

— முடியாது அண்ணி. என்னால முடியாது. கோப்பைக்காக மட்டும் சொல்லல. அந்த சீட்ல உக்காந்துக்கிட்டு அந்த இறக்கத்துல... வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. நம்ம தபால்காரர் ஓட்டுவார். அவர் எப்படியும் கடைசிதான்.

— சரி.

— கோவமா?

— இல்லப்பா. நேரமாச்சு, போ. தண்ணி எடுத்துக்கிட்டியா?

— எடுத்துக்கிட்டேன்.

— சாம்பியன், எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. முதுகுல நம்பர் கோணலா இருக்கு, போற வழியில யாரையாவது குத்தச் சொல்லு. தங்கச்சி, நீ என்கூட வேன்ல வா. கடைசி ஆளுக்குப் பின்னாடி மெதுவாப் போவோம். முடியாதவங்களை ஏத்திக்கணும். அவ்வளவுதான் வேலை.

— போன வருஷம் அவரை ஏத்தினது நீங்கதானே?

— நான்தான். நீ உக்காரப் போற அதே சீட்டு. நெளிஞ்ச சக்கரத்தை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தான். வழியெல்லாம் ஒரே கேள்வி. 'தம்பி ஜெயிச்சிருப்பானா டாக்டர்?'

— நீங்க என்ன சொன்னீங்க?

— எனக்கு எப்படிம்மா தெரியும், நான் கடைசியில வர்றவன். விசில் ஊதிட்டாங்க பாரு. போயாச்சு. ஹெல்மெட்டைப் போட்டா யார் யாருன்னே தெரியல, எல்லாம் ஒரே காளான் கூட்டம்.

— வண்டியை வேன்லயே ஏத்திடுங்க டாக்டர். திரும்பும்போது கிளப் அறையில விட்டுட்டுப் போறேன்.

— எங்க வெச்சே?

— இங்கதான், உங்க வேனுக்குப் பின்னாடி சாய்ச்சு வெச்சேன்... காணோமே. நீங்க எடுத்தீங்களா?

— நான் எங்க எடுத்தேன்? சுவத்தோரமா ஏதோ நிக்குது பாரு.

— இது இல்ல. இது ஒரே விரல்ல தூக்கலாம்.

— சாம்பியனோட புது வண்டியா? பூட்டக்கூட இல்லையே! இதை விட்டுட்டு எதுல போயிருக்கான்?

— அவரோட வண்டியில, டாக்டர்.

— அழாதம்மா. ஏறு. கதவை நல்லா இழுத்துச் சாத்து, இல்லேன்னா திறந்துக்கும்.

— எங்க இருக்கான், தெரியுதா?

— ஏறினதும் எப்படித் தெரியும்? மேடு முடியட்டும்... பாலம் வந்தாச்சு. அதோ சிவப்புச் சட்டை, தபால்காரர். எப்பவும் அவர்தான் கடைசி. தலையில தட்டி எழுப்பினாலும் அதே வேகம்.

— அவருக்கும் பின்னாடி ஒருத்தர் வர்றாரே.

— ஆமா, வர்றார். கேக்குதா ஒரு சத்தம்? சரக்... சரக்... நம்ம சக்கரம் தங்கச்சி! பிரேக்ல உரசுது.

— தம்பியா கடைசி?

— தபால்காரருக்கும் பின்னாடி! நெளிஞ்ச சக்கரம்னாலும் அவரைத் தாண்ட இவனுக்கு ஒரு மிதி போதுமே. ஏன் தாண்டாம வர்றான்?

— கோப்பை?

— அது எப்பவோ அந்த வளைவைத் தாண்டிப் போயாச்சு.

— ரொம்ப ஒட்டிப் போகாதீங்க டாக்டர். நாம இருக்கிறது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

— இறக்கம்தான், சத்தமில்லாம உருட்டிட்டுப் போறேன்... என்னம்மா பண்றான் அவன்? கையை எடுத்துட்டானே! கீழ காட்டுறான் பாரு. யாருக்குக் காட்டுறான்? நமக்கா?

— நாம வர்றது அவனுக்குத் தெரியாது.

— பின்னாடிதான் யாருமே இல்லையே!

— அவன் திரும்பிப் பாக்கலையே, டாக்டர். கண்ணாடியை இறக்குங்க. ஏதோ சொல்றான்.

— குழி. இடது பக்கம். பெருசு, அண்ணே.