கொலைகாரன் முகத்தில் ஒரு துறவி

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன்... கொஞ்சம் காது கொடுங்க.

பேரரசர்கள் ஆண்ட காலத்துச் சீனா. லூ ஹெங்னு ஒரு மண் சிற்பி. ஒரு புத்த மடத்துக்கு, ஞானம் அடைஞ்ச துறவியோட சிலை செஞ்சான். ஆள் உயரம்! பச்சையும் மஞ்சளுமா மெருகு பூசி, சூளையில சுட்டு... அப்படியே உயிரோட உட்கார்ந்திருக்கிற மாதிரி!

சிலையைத் திறந்த அன்னைக்கு ஊரே வந்தது. கும்பிட வந்த யுவேங்கிற பொம்பளை, முகத்தைப் பார்த்ததும் அலறிட்டா.

"ஐயோ... இவனா! என் புருஷனை வெட்டிக் கொன்ன கொள்ளைக்காரன் இவன்தான்!"

மடத்துத் தலைவர் பதறிப்போனார். "லூ ஹெங், யாருய்யா இது?"

"சத்தியமா தெரியாது சாமி. மழையில நனைஞ்சுட்டு ஒருத்தன் என் சூளை ஓரமா வந்து உட்கார்ந்தான். நெருப்பையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்படி ஒரு அமைதி அந்த முகத்துல... அதைத்தான் வடிச்சேன்."

"முகத்தை மட்டும் மாத்த முடியுமா?"

"சுட்ட மண்ணு சாமி. உடைக்கலாம்... மாத்த முடியாது."

தலைவருக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. துறவியா? கொலைகாரனா? கடைசியில ஒரு சுத்தியலை யுவே கையில கொடுத்தார். "நீயே முடிவு பண்ணும்மா."

அவ கிட்டப் போனா... ஓங்கினா... அந்தக் கண்ணைப் பார்த்தா. கை அப்படியே நின்னுடுச்சு.

"சாமி... அவன்தான். ஆனா என் வீட்டுக்குள்ள வந்தப்போ இந்த முகம் இல்லையே! இது எங்க இருந்தது? எனக்கு ஒண்ணும் புரியலையே! உடைக்கவும் முடியல, கும்பிடவும் முடியல..."

சுத்தியலைக் கீழே வச்சா. "இருந்துட்டுப் போகட்டும். ஆனா கும்பிடுன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

அதுக்கப்புறமும் வருவா. கை கூப்ப மாட்டா. கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போயிடுவா.

மன்னிச்சாளா? எனக்குத் தெரியாதுங்க. அவளுக்கே தெரிஞ்சிருக்குமா?

அம்மா, ஐயா... நாம என்ன பண்றோம்? ஒருத்தனை ஒரு கெட்ட நேரத்துல பார்க்கிறோம். அவ்வளவுதான் அவன்னு முடிவு கட்டிடறோம். அவன் செஞ்ச பாவம் பொய்யா? இல்லை. நெருப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த அமைதி பொய்யா? அதுவும் இல்லை! ரெண்டும் நிஜம்னு தெரியறப்போ மனசு குழம்பத்தான் செய்யும்... குழம்பட்டும்! உங்களை யாரையும் மன்னிச்சுடுங்கன்னு நான் சொல்லல. அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாம, அந்தக் குழப்பத்தோட கொஞ்சம் நில்லுங்கன்னுதான் கேட்கிறேன். இரக்கம்னு ஒண்ணு பிறக்கணும்னா... அங்கதாங்க பிறக்கும்.