காட்டுப்பூனை வரைந்த கவசம்

பெரும்பாலானவர்கள் தலையை அளக்கத் தெரியாமல்தான் அளக்கிறார்கள். நாடாவைப் புருவத்தின் மேலேயே வைத்துச் சுற்றிவிடுவார்கள். புருவத்துக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு, பின்தலையில் எலும்பு துருத்தும் இடத்தைத் தொட்டுச் சுற்ற வேண்டும். ஐஸ் ஹொக்கியில் கோல் காக்கும் பிள்ளைக்குத் தலைக்கவசம் தெரிவு செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மோர்டென்ஸ்ருட் என்ற எங்கள் பகுதிப் பெற்றோருக்கு நான்கு வருடங்களாகச் சொல்லிச் சொல்லி என் வாய் அலுத்துவிட்டது.

என் பெயர் பாலேந்திரன். கார்களுக்கு நிறம் அடிப்பது தொழில். எனக்கு நோர்வேஜிய மொழி போதுமான அளவு தெரியும். ஆனாலும் இதைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று விசாரிக்கும் பொலிஸ் அம்மையாரிடம் நானே கேட்டுக்கொண்டேன். வினோஜா என்ற பிள்ளை மொழிபெயர்க்கிறார். கையெழுத்து விளங்காத இடங்களில் அவர் என்னிடம் கேட்கலாம்.

எங்கள் கழகத்தில் பெற்றோர் ஆளுக்கொரு வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய வேண்டும். டுக்நாட் என்பார்கள். சிலர் வாஃபிள் சுட்டு விற்பார்கள், சிலர் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்குவார்கள். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் பொருள் அறை என் பொறுப்பில் இருந்தது. அதன் பூட்டுத் திறப்பும் என்னிடம்தான்.

பதினான்கு வயதுப் பெண்கள் அணியில் கோல் காக்க இரண்டு பேர். ஒருத்தி என் மகள் துஷ்யா. மற்றவள் என் தங்கை கமலேஸ்வரியின் மகள் யதுர்ஷா. இருவரையும் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். மற்ற இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். கோலில் அப்படி இல்லை. ஒருத்தி நிற்பாள். மற்றவள் மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கின் ஓரத்தில் இருந்து, ஆடுகிறவர்கள் வந்து போகும்போது கதவைத் திறந்துவிடுவாள். துஷ்யா இரண்டு பனிக்காலம் கதவு திறந்தாள். நன்றாகத் திறக்கிறாள் என்று பயிற்சியாளர் ஒருநாள் என்னிடம் பாராட்டினார். பகிடியாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யதுர்ஷா கெட்டிக்காரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தை மாதத்தில் வட்டார அணிக்கு ஆள் எடுப்பார்கள், ஒரு கழகத்திலிருந்து ஒரு காப்பாளர்தான் போகலாம். அவள் சில கிழமைகள் ஒதுங்கியிருந்தால் போதும் என்று நினைத்தேன். சின்னதாக ஒரு அடி, பிறகு கொஞ்சம் பயம். பிள்ளைகளுக்குப் பயம் வருவது இயல்பு.

நவம்பரில் பெரிய பெண்கள் அணியின் காப்பாளர் தன் கவசத்தைக் கொண்டுவந்து தந்தாள். இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே வெடிப்பு. நகத்தால் தடவினால்தான் தெரியும். எறிந்துவிடுங்கள் என்றாள். வெடித்த கவசத்தை எறியத்தான் வேண்டும். ஒட்டினால் பார்வைக்கு முழுசாக இருக்கும், அடி விழுந்தால் அதே இடத்தில் திறக்கும். இது எனக்குத் தெரியாது என்று எழுத முடியாது. அந்த விதியை அச்சடித்துப் பொருள் அறைக் கதவில் ஒட்டியவன் நான்.

அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நசுங்கிய கார்க் கதவுக்கு வைப்பதுபோலப் பட்டி என்ற நிரப்புப் பசையை வைத்து, காயவிட்டு, தேய்த்தேன். உள்ளே இருந்த பஞ்சை மாற்றினேன். பிறகு வரைந்தேன். யதுர்ஷா ஒருநாள் என் காரில் வரும்போது சொல்லியிருந்தாள்: "மாமா, எனக்கெண்டு ஒண்டு கிடைச்சா அதில கௌபெ கீறுவன்." கௌபெ என்பது இந்த நாட்டுக் காட்டுப்பூனை. காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம் இருக்கும். அந்தக் குஞ்சத்தை மட்டும் ஒரு முழுப் பின்னேரம் இருந்து ஒவ்வொரு மயிராக வரைந்தேன். வெறுப்பு உள்ளவன் இவ்வளவு பொறுமையாக வரையமாட்டான் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

கழகமும் ஒரு புதுக் கவசம் வாங்கியிருந்தது. படம் எதுவும் இல்லாத வெறும் வெள்ளை. ஒரு சனிக்கிழமை காலை இரண்டையும் மேசையில் வைத்தேன். "ரெண்டு இருக்கு. ஆளுக்கொண்டு. பிடிச்சதை எடுங்கோ" என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யதுர்ஷா கௌபெயைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். துஷ்யா வெள்ளையை எடுத்தாள்.

"மாமா, இது எனக்காகவே கீறினதோ?"

"ஓம்" என்றேன். அது பொய்யில்லை.

பெற்றோர் கவசத்தைப் பரிசோதித்ததாக ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். தங்கை என் காரின் மேலேயே தாளை வைத்து, கவசத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். "ஒருக்கால் தடவிப் பாரன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"அண்ணா தந்ததை நான் தட்டிப் பாக்கிறதே? விசர்க் கதை கதையாதை அண்ணா."

புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோவதைப்போல அடுத்தநாள் அதையும் கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். அர்ச்சனை முடிந்து, சந்தனப் பொட்டை எந்தப் பக்கம் வைக்க என்று ஐயர் கேட்டார். வலது பக்கம் வைக்கச் சொன்னேன். இடது பக்கம் பெயின்ற் இன்னும் காயவில்லை என்றேன். காய்ந்திருந்தது.

புதன்கிழமை பின்னேரம் பயிற்சி. நான் மேலே வாங்கில் கோப்பியோடு இருந்தேன். கோலில் யதுர்ஷா நின்றாள். அவளுடைய அணிப் பிள்ளை ஒருத்தி அடித்த இறப்பர் வட்டு இடது பக்கம் பட்டது. வழக்கமாக இறுக்கமான சத்தம் கேட்கும். அன்று கேட்டது பிளாஸ்ரிக் மூடியை மிதித்த சத்தம். நான் கோப்பிக் கோப்பையின் மூடியைச் சரியாக அழுத்தி, கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்த நேரம் என்ன உணர்ந்தீர்கள் என்று அம்மையார் கேட்டதால் இதை எழுதுகிறேன். எதையும் உணரவில்லை. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

யதுர்ஷாவின் இடது கண் போய்விட்டது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுக்கிறாள். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கினேன். அண்ணா தந்த கவசம் இல்லாவிட்டால் பிள்ளையின் உயிரே போயிருக்கும் என்று தங்கை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

வட்டார அணிக்குத் துஷ்யாவை எடுத்தார்கள். அவள் போகவில்லை. உடைந்த துண்டுகளைப் போட்டு வைத்த பை உடுப்பு மாற்றும் அறையில் கிடந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து என் பட்டறையில் விளையாடி வளர்ந்தவள், உடைந்த விளிம்பில் இருந்த சாம்பல் நிறப் பட்டியை அவளுக்கு அடையாளம் தெரியும். அந்தப் பையை உங்களிடம் கொண்டுவந்து தந்தது அவள்தான். அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. வீட்டில் அவள் என்னோடு கதைப்பதில்லை, அது மட்டும் கஷ்டமாக இருக்கிறது.

பட்டி வைத்தது நான். நிறம் அடித்து வெடிப்பை மறைத்தது நான். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். நான் யார் தலையிலும் எதையும் மாட்டவில்லை. இரண்டு கவசம், இரண்டு பிள்ளைகள். இருவரும் என் கண்ணுக்கு ஒன்றுதான். எது யாருக்குப் போகும் என்பதை நான் தீர்மானிக்கவில்லை. அது என் சொந்த மகளுக்கும் போயிருக்கலாம்.

நேற்று அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். அன்று காலை யதுர்ஷா வருவதற்கு முன் அந்த அறையில் என்ன நடந்தது என்று துஷ்யா ஏதோ சொல்லியிருக்கிறாள், அது சரியா என்று. அதையும் எழுதியே தருகிறேன் என்றேன். இப்போது எழுதுகிறேன்.

துஷ்யா சொன்னது சரிதான். அவள் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டாள். கௌபெயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். "அப்பா, நல்ல வடிவா இருக்கு. நான் இதை எடுக்கட்டே?" என்று கேட்டாள். நாடியில் வார் முடியோடு சிக்கியிருந்தது. நோகாமல் மெதுவாக விடுவித்து, இரண்டு கையாலும் கழற்றி மேசையில் திரும்ப வைத்தேன்.

"இது மச்சாளுக்கு" என்றேன்.