அன்னமேரிக்குப் பாவம் உண்டு

— பாவம் இல்லன்னு நீங்க எப்படி சாமி சொல்லலாம்? என் பிள்ளைக்குப் பாவம் உண்டு. ஏகப்பட்டது உண்டு!

— லூர்தம்மா, முதல்ல உட்காருங்க. பிள்ளையை இடுப்புல இருந்து இறக்கி அந்த நாற்காலியில வைங்க. எவ்வளவு நேரம் சுமப்பீங்க?

— சுமக்கது எனக்குப் பழக்கம்தான். லேபர் கேம்புல இருந்து கோயில் வரைக்கும் தூக்கிட்டுத்தான் வாறேன். எட்டு வயசாச்சு, கால் ஊனல, வாயில பேச்சு இல்ல. அதுக்காவ அவ மனுசி இல்லன்னு ஆயிருமா? ஏட்டி அன்னமேரி, சாமிக்குத் தோத்திரம் சொல்லு.

— பரவாயில்லை, பரவாயில்லை. பிள்ளையைக் கஷ்டப்படுத்தாதீங்க.

— என்ன கஷ்டம்? சொல்லுவா, பொறுங்க. மடியில பலகையை வைக்கேன். இடக்கை ஒண்ணுதான் அவ சொன்னபடி கேக்கும், அதுவும் முறுக்கிக்கிட்டுத்தான் வரும். அந்தா, கும்புடுத கை படத்துல வச்சிட்டா. பாத்தியளா? தோத்திரம்.

— ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அம்மா. இது என்ன பலகை, புதுசா இருக்கே?

— உங்களுக்குத்தான் புதுசு. ரெண்டு வருசமா இதுலதான் பேசுதா. அவ அப்பா பெட்டி அடிக்கிற கம்பெனியிலதானே வேலை பாக்காவ, அங்க இருந்து டீப்பெட்டி மூடி ஒண்ணைக் கொண்டு வந்து இழைச்சாவ. தீப்பெட்டிப் படம், பிஸ்கோத்துக் காயிதப் படம், கேலண்டர் படம், கிடைச்சதையெல்லாம் வெட்டி ஒட்டியிருக்கு. சோறு, தண்ணி, பாய், நிலா, பூனை, பஸ்ஸு, எல்லாம் உண்டு. ஓரத்துல பச்சைத் துணி. அதுல கை வச்சா ஆமான்னு அர்த்தம். செவப்புத் துணின்னா இல்ல.

— கெட்டிக்காரர்தான் தனசீலன். ஆனா பாருங்க லூர்தம்மா, நான் சொன்னதை நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. நாளைக்குச் சனிக்கிழமை, புதுநன்மை எடுக்கப் போற பிள்ளைங்க எல்லாம் முதல் தடவையா பாவசங்கீர்த்தனத்துக்கு வரும். செஞ்ச பாவத்தை ஒவ்வொண்ணா வாயால சொல்லி மன்னிப்பு கேட்கணும். இவளுக்கு அந்தச் சிரமம் எதுக்கு? ஞாயித்துக்கிழமை வெள்ளை கவுன் போட்டுத் தூக்கிட்டு வாங்க. நேரா நன்மை அப்பத்தைக் குடுத்துடறேன். இவ ஒரு சம்மனசு, தேவதூதர் மாதிரி. சம்மனசுக்கு ஏது பாவம்?

— அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதிய சாமி. காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்கு. சம்மனசு சம்மனசுன்னு சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் எம்பிள்ளைய மூலையில வைக்காவ.

— யார் மூலையில வச்சது?

— உங்க பள்ளிக்கூடம்! வேற யாரு? காலையில பலகையோட கொண்டு விட்டுட்டு வாறேன். நான் இந்தப் பக்கம் திரும்புனதும் சிஸ்டரம்மா அதைப் பிடுங்கி பீரோ மேல வச்சிருதாவ. கேட்டா, பலகை கையில இருந்தா பிள்ளை பேச முயற்சி பண்ண மாட்டா, சோம்பேறியாப் போயிருவான்னு சொல்லுதாவ. எட்டு வருசமா திறக்காத வாயி, பீரோவைப் பாத்ததும் திறந்திருமோ?

— சிஸ்டர் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க.

— நல்லதுக்கா? செவ்வாய்க்கிழமை என்ன நடந்துதுன்னு தெரியுமா? பிள்ளைக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்திருக்கு. அதைச் சொல்லுத படம் பீரோ மேல. கைய நீட்டி நீட்டிக் காட்டியிருக்கா. விளையாடுதா பாருன்னு சிரிச்சிருக்காவ. கடைசியில பாவாடைய நனைச்சிட்டு எல்லாப் பிள்ளையளும் பாக்க உக்காந்திருக்கா. அப்பவும் அந்த அம்மா என்ன சொன்னாவ? பாவம், சம்மனசு, அதுக்கு என்ன தெரியும்னாவ. தெரியும் சாமி! அவளுக்கு நல்லாத் தெரியும். அன்னைக்குப் பூரா ஒரு வாய் சோறு இறங்கல அவளுக்கு.

— இதை என்கிட்ட யாரும் சொல்லலையே.

— எப்படிச் சொல்லுவா? சொல்லுத வாயிதான் பீரோ மேல இருந்துதே!

— சரி, சரி. சத்தம் போடாதீங்க. கோயில்ல ஜெபமாலை சொல்லிட்டிருக்காங்க.

— கேக்கட்டும். உபதேசியார் மரியஅந்தோணியும் அங்கதானே இருக்காரு? அவரும் கேக்கட்டும். ஞானோபதேச வகுப்புல பதில் சொல்லலன்னு பட்டியல்ல எம்பிள்ளை பேரை அடிச்சாரே, என்ன கேட்டாராம் தெரியுமா? உன்னைப் படைச்சது யாருன்னு கேட்டாராம். பலகை இல்ல, பிள்ளை என்ன செய்வா? கையத் தூக்கி மேல காட்டியிருக்கா. ஆண்டவர் மேலதானே இருக்காரு? விட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு சொல்லிப் பேரை அடிச்சிட்டாரு. கூடப் படிக்கிற பிள்ளையெல்லாம் கைய மேல காட்டிப் பரிகாசம் பண்ணுதாம். எனக்கு வயிறு எரியுது சாமி.

— எரியும். எனக்கும் கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா இது வேற விஷயம் லூர்தம்மா. பாவம்னா என்ன? தப்புன்னு தெரிஞ்சும் வேணும்னே செய்யறது. அந்தப் புத்தித் தெளிவு வந்திருந்தாத்தான்...

— புத்தித் தெளிவா? கேளுங்க. போன ஈதுப் பெருநாளுக்குப் பக்கத்துக் கோலியில குடியிருக்க நூர் நிஷா ஒரு கிண்ணம் சேமியாப் பாயசம் குடுத்தா. அவ அப்பாவுக்குன்னு மூடி வச்சிட்டு நான் தண்ணி பிடிக்கப் போனேன். திரும்பி வந்தா கிண்ணம் கழுவி வச்ச மாதிரி கிடக்கு. இவ தவந்து போயி அம்புட்டையும் தின்னிருக்கா, மூக்குல கூட சேமியா ஒட்டியிருக்கு. யாருட்டி தின்னான்னு கேட்டேன். அந்தக் கைய இழுத்துக்கிட்டு வந்து, நிதானமா, ஒண்ணும் தெரியாத மூஞ்சிய வச்சுக்கிட்டு, பூனைப் படத்துல வச்சா சாமி!

— பூனை தின்னுச்சாமா?

— சிரிக்காதிய. களவு ஏழாங் கட்டளை, பொய் எட்டாங் கட்டளை. ஒரே மத்தியானத்துல ரெண்டையும் முடிச்சிட்டா.

— அடிச்சீங்களா?

— முதுகுல ரெண்டு வச்சேன். வச்சிட்டு மூலையில உக்காந்து அழுதேன். சந்தோசத்துல அழுதேன் சாமி. ஆஸ்பத்திரியில இந்தப் பிள்ளைக்கு மூளையே கிடையாதுன்னு சொல்லி அனுப்புனாவ. மூளை இல்லாதது பூனை மேல பழியப் போடுமா? என் பிள்ளை பொய் சொல்லுதா, என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்னு கேம்பு முழுக்கக் கத்திட்டு வரணும் போல இருந்துச்சு. அந்தப் பாவத்தைத்தான் இல்லன்னு சொல்லுதிய நீங்க.

— நான் ஒரு வழி சொல்றேன். எல்லாப் பிள்ளைங்களும் முடிச்ச பிறகு, நான் இவ தலையில கை வச்சு ஒரு ஜெபம் சொல்லி...

— வேண்டாம். அது பிச்சை போடுத மாதிரி. நாளைக்கு அந்த வரிசையில அவ இல்லன்னா, சாகுத வரைக்கும் எல்லாருக்கும் அவ கைக்குழந்தைதான். கொஞ்சுவாவ, கன்னத்தக் கிள்ளுவாவ. என்னட்டி வேணும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ.

— நீங்க சொல்றது புரியுது. ஆனா பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒரு மரக்கூண்டு, உள்ள இருட்டு. நடுவுல தட்டி. அந்தப் பக்கம் பலகையைக் காட்டினா எனக்கு என்ன தெரியும்?

— அப்ப தொட்டி வேண்டாம். இந்த மேசையில வச்சுக் கேளுங்க.

— வச்சாலும், படத்துல கை வைக்கிறது ஒரு பாஷையா லூர்தம்மா?

— நல்லாக் கேட்டிய. போன வருசம் வரைக்கும் நீங்க லத்தீன்ல பூசை வச்சிய. எனக்கு ஒரு எழுத்து புரிஞ்சுதா? எல்லாரும் எந்திரிச்சா எந்திரிச்சேன், முழங்கால் போட்டா போட்டேன். உங்களுக்குப் புரியாட்டா என்ன, ஆண்டவருக்குப் புரியும்னு சொன்னிய. சரின்னு இருந்தேன். லத்தீன் புரிஞ்ச ஆண்டவருக்கு எம்பிள்ளைக்க பலகை மட்டும் புரியாதோ?

— ஆண்டவருக்குப் புரியும். அதுல சந்தேகம் இல்லை. ஆனா மன்னிப்பு குடுக்கற எனக்கும் புரியணுமே.

— அதுக்குத்தான் நான் இருக்கேனே! அவ கை வைக்க வைக்க நான் சொல்லிக்கிட்டே வாறேன்.

— திருச்சபைச் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. பாஷை தெரியாதவங்க மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி வச்சுக்கலாம். ஆனா துபாஷியும் கேட்டதை உயிர் போனாலும் வெளிய சொல்லக் கூடாது.

— நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? எனக்குத் தெரியாம அவ என்ன பாவத்தைச் செஞ்சிரப் போறா? விடிஞ்சா அடைஞ்சா என் இடுப்புலதான் இருக்கா. சேமியா தின்னது, பூனை மேல பழி போட்டது, தம்பியக் கடிச்சது, ஜெபம் சொல்லும்போது தூங்குனது, எல்லாத்தையும் நானே வரிசையாச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்.

— நீங்க சொல்லிக் குடுத்தீங்களா? பாவத்தையா?

— பின்ன? ஒண்ணும் விட்டுப் போயிறக் கூடாதுல்லா.

— அவகிட்ட நான் ஒண்ணு கேட்கறேன். அன்னமேரி, இங்க பாரு. பாவசங்கீர்த்தனம் பண்ண உனக்கு ஆசையா?

— ஆசைதான் சாமி. ரொம்ப ஆசை.

— லூர்தம்மா, அவ கை இன்னும் மடியிலதான் இருக்கு.

— எனக்குத் தெரியாதா?

— நான் அவளைக் கேட்டேன்.

— சரி, கேளுங்க. அந்தா, பச்சைத் துணியில வைக்கா. நான் சொன்னதுதான், பாத்துக்கிடுங்க.

— அப்ப என்கிட்ட என்ன சொல்லணும் அன்னமேரி? பொறுமையா சொல்லு, அவசரமே இல்லை.

— தம்பியக் கடிச்சதை...

— லூர்தம்மா!

— நான் வாயத் திறக்கல. கை வைக்கா, பாருங்க. சேலை கட்டுன பொம்பளை படம். அது நான், அம்மா. அடுத்தாப்புல... பஸ்ஸு. இப்ப என்னட்டி பஸ்ஸு? கேட்டதுக்குப் பதில் சொல்லு. ராணிபாக் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லுதா சாமி. யானை பாக்கணும்னு ஒரே பிடிவாதம்.

— சிவப்புல தட்டறாளே.

— இல்லங்கா. ஏ, மெல்லத் தட்டு, பலகை பிளந்துரும்! திரும்பவும் அம்மா. திரும்பவும் பஸ்ஸு. ராணிபாக் இல்லியா? சித்தி வீடா? அதுக்கும் செவப்பு. எனக்கு ஒண்ணும் விளங்கல சாமி. ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்ல. காய்ச்சலா இருக்குமோ?

— எனக்கு விளங்கற மாதிரி இருக்கு. அன்னமேரி, அம்மா பஸ் ஏறிப் போகணுமா? நீ இல்லாம?

— பச்சை.

— எங்க போனாலும் சரி, இந்த அறையில இருக்கக் கூடாது. அதானே?

— பச்சை... பச்சையில இருந்து கைய எடுக்க மாட்டங்கா.

— வெளிய போன்னு சொல்ல நீங்க ஒரு படம் ஒட்டல போல. அதான் உங்களைப் பஸ்ல ஏத்தி அனுப்பறா.

— என்னையா? ஏட்டி, என்னையா போவச் சொல்லுத? யாருக்காவ நான் இங்கன தொண்டை கிழியக் கத்துதேன்? உனக்காவத்தானே!

— மத்த பிள்ளைங்க அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டா பாவத்தைச் சொல்றாங்க?

— மத்த பிள்ளையளுக்கு வாய் இருக்கு. இவளுக்கு வாயே நான்தான்! நான் போயிட்டா யாரு சொல்லுவா?

— அவ சொல்லுவா. எனக்குத் தெரியாததை அவளே சொல்லிக் குடுப்பா. நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே ஆகட்டும். பாவசங்கீர்த்தனம் கேட்கறப்போ போடற ஊதாப் பட்டையை எடுத்துக் கழுத்துல போட்டுக்கறேன். கதவு திறந்தே இருக்கட்டும். நீங்க வராந்தா கடைசிக்குப் போய் மாதா சுரூபம் இருக்கற கெபி பக்கமா நில்லுங்க.

— இது அநியாயம் சாமி. நான் கொண்டு வந்த வழக்கு, என்னையே வெளிய தள்ளுதிய. போறேன், போறேன். தள்ளாதட்டி, போறேன்!

— இன்னும் கொஞ்சம் தள்ளி, லூர்தம்மா.

— சாமி! நிலாப் படம்னா தூக்கம் இல்ல, ராத்திரி! தூக்கத்துக்குப் பாய்!

— சரி. திரும்பி நில்லுங்க.

— கை இழுத்துக்கிட்டா பொறுங்க, அவசரப்படுத்தாதிய!

— நான் அவசரப்படுத்தல. நீங்கதான் படுத்தறீங்க.

— இன்னுமா சாமி? ஜெபமாலையே முடிஞ்சு போச்சு! நான் சொல்லிக் குடுத்தது கொஞ்சம்தானே!

— அவ சொல்றது இன்னும் இருக்கு.

— இன்னுமா? அப்படி என்னத்தத்தான்... மாதாவே, எனக்குத் தெரியாம என்னத்தச் செஞ்சா இவ?

— வாங்க லூர்தம்மா, முடிஞ்சுது. பாவமன்னிப்பு குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை மத்த பிள்ளைங்களோட முதல் பெஞ்சுல உட்காரட்டும், பலகையோட. மரியஅந்தோணிகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானே வரேன். பலகை பீரோ மேல இருந்தா என் கையால இறக்குவேன்.

— உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அது இருக்கட்டும். என்ன சொன்னா?

— லூர்தம்மா...

— மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே. அழுதாளா? என்னையப் பத்தி எதும் சொன்னாளா? அன்னைக்கு அடிச்சதைச் சொன்னாளா?

— நான் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்.

— ஊர்க்காரிக்குச் சொல்லாண்டாம். பெத்தவளுக்குமா?

— பெத்தவளுக்கும்தான்.

— சரி, நீங்க சொல்லாதிய. எம்பிள்ளை எங்கிட்டச் சொல்லுவா. பிறந்ததுல இருந்து எங்கிட்டச் சொல்லாதது ஒண்ணு உண்டா அவளுக்கு? ஏட்டி அன்னமேரி, அம்மாவைப் பாரு. சாமிகிட்ட என்னட்டி சொன்ன? இந்தா பலகை, நல்லா நேரா வச்சிருக்கேன். கைய வை, அம்மா பாக்கேன்லா. ஏ... ஏட்டி... சாமி, இங்க பாருங்க! பெத்த தாய் கேக்கேன், பலகையைக் கவுத்துப் போட்டுட்டா!